நகரின் விளிம்பில் ஒரு சிறு வனம்

கங்கையின் கழிமுகத்தில் அமைந்த கீழ் வங்காளம் மழைக்கும் வெப்பத்துக்கும் குறைவில்லாத நாடு. கொல்கத்தாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் பொழிந்துவிடுகிறது. நிலமோ ஆறுகள் கொணர்ந்து சேர்த்த வண்டல் மண்ணாகும். இத்தகைய மண்ணும் நீரும் உள்ள ஓர் இடத்தில் மனிதர் உழுவதையும் வெட்டுவதையும் நிறுத்துவாராயின், சில ஆண்டுகளுக்குள் அங்கே புதர் மண்டும். சில பத்தாண்டுகளுக்குள் மரங்கள் செறிந்து நிழல் கவியும்.

இந்நகரம் நிற்கும் நிலமே ஒரு காலத்தில் காடாக இருந்தது என்பதற்குச் சான்று மண்ணுக்கு அடியில் கிடைத்துள்ளது. 1835-ஆம் ஆண்டுக்கும் 1840-ஆம் ஆண்டுக்கும் இடையில் வில்லியம் கோட்டையில் 481 அடி ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தபோது, மக்கிய மரத்துண்டுகள் செறிந்த கரிய அடுக்கு ஒன்று தென்பட்டது. சியால்தாவில் குளம் வெட்டிய சமயத்தில், சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள் வேரூன்றி நின்ற நிலையிலேயே காணப்பட்டன. இன்று சுந்தரவனத்தில் மட்டுமே பெருமளவில் காணப்படும் அம்மரம், அக்காலத்தில் கொல்கத்தாவின் மையப் பகுதி வரை பரவியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

அக்காடு இப்போது இல்லை. அதன் இடத்தில் வயலும், வயலின் இடத்தில் தோப்பும், தோப்பின் இடத்தில் வீடுகளும் வந்தன. ஆயினும் நகரின் தென் விளிம்பில், நரேந்திரபூர் என்னும் இடத்தில், சுமார் 17 ஏக்கர் அளவுள்ள மரச்செறிவு ஒன்று வெட்டுண்ணாமல் எஞ்சியுள்ளது. சிந்தாமணி கர் பறவைகள் புகலிடம் என்பது அதன் பெயர். இத்துணைச் சிறிய வனம் ஒன்று எவ்வளவு உயிரினங்களைத் தாங்கும், எத்தனை காலம் தாங்கும் என்னும் கேள்விகள், இந்த ஒரு தோப்பை மட்டுமன்றி, உலகெங்கும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் காடுகள் அனைத்தையும் பற்றிய கேள்விகளாகும்.

தோப்பு வனமான வரலாறு

கங்கையின் பழைய ஓட்டமாகிய ஆதிகங்கை, கரியா, ராஜ்பூர், பாருய்பூர் ஆகிய ஊர்களின் வழியே தெற்கு நோக்கிச் சென்றது. அதன் இரு கரைகளிலும் பழத்தோட்டங்கள் செழித்தன. பாருய்பூரின் கொய்யா இன்றும் புகழ் பெற்றது. நரேந்திரபூரின் தோப்பும் இத்தகைய தோட்டங்களுள் ஒன்றேயாகும். 'கயாலேர் பாகான்', அதாவது கயால் குடும்பத்தாரின் தோட்டம் என்று அதனை மக்கள் அழைத்து வந்தனர். மா, பலா, புளி, தென்னை, கொய்யா முதலிய மரங்களே அதில் நடப்பட்டிருந்தன. நாளடைவில் பராமரிப்புக் குறைந்தது. உழவும் களையெடுப்பும் நின்றன. பறவைகளும் வௌவால்களும் கொணர்ந்த விதைகள் நட்ட மரங்களின் இடையே முளைத்தன. கொடிகள் ஏறின. தோப்பு தன் போக்கில் வனமாயிற்று.

இதன் அருமையை உணர்ந்து பாதுகாப்புக்காகப் பாடுபட்டோருள் முதன்மையானவர் சிற்பி சிந்தாமணி கர் ஆவார். 1915-ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அக்காலத்தில் நடைபெற்ற கலைப் போட்டிகளில் பிரிட்டனின் சார்பில் கலந்துகொண்டு, சிற்பத்துக்கான வெள்ளிப் பதக்கம் பெற்றவர். பிற்காலத்தில் கல்கத்தா அரசாங்கக் கலைக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். நரேந்திரபூரில் வாழ்ந்த இவரும், இயற்கையில் ஈடுபாடு கொண்ட மற்றோரும் விடாது முயன்றனர். 1982-ஆம் ஆண்டில் இத்தோப்பு வன உயிரினப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. எனினும் நிலம் அப்போது தனியாரிடமே இருந்தமையால், அறிவிப்பு முழுப் பயன் தருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 2004-ஆம் ஆண்டு அக்டோபரிலேயே மேற்கு வங்காள அரசாங்கம் நிலத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது. 2005-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் சிந்தாமணி கர் காலமானார். அதே மாதத்தில் புகலிடத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

அறிவிப்புக்கும் உடைமைக்கும் இடையே 22 ஆண்டுகள் கழிந்தன என்பது கவனிக்கத்தக்கது. அந்த 22 ஆண்டுகளிலும் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறிக்கொண்டேயிருந்தது. கொல்கத்தாவின் மெட்ரோ ரயில் 2010-ஆம் ஆண்டில் கரியாவின் அருகே வரை நீண்டது. சட்டத்தின் வேலி இல்லையேல், இன்று இத்தோப்பின் இடத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களே இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அடுக்கடுக்கான தாவரங்கள்

கண்டிப்பான பொருளில் இதனை மழைக்காடு என்று கூற இயலாது. ஆப்பிரிக்காவின் காங்கோ வடிநிலத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளிலும் காணப்படும் பழங்காடுகளுக்கு உள்ள தொன்மை இதற்கு இல்லை. ஆயினும் மழைக்காட்டின் ஒரு முக்கியமான இயல்பு இங்கே காணப்படுகிறது. தாவரங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குகளில் அமைந்திருப்பதே அந்த இயல்பு.

மேல் அடுக்கில் மாவும் புளியும் ஆலும் அரசும் விரிந்து நிற்கின்றன. அவற்றின் கீழே, பெருமரங்களின் நிழலிலும் வளரவல்ல சிறு மரங்கள் உள்ளன. கீழ் வங்காளத்தின் தோப்புகளில் இவ்வடுக்கிலே பிராய் மரமும் பேயத்தியும் சாதாரணமாகக் காணப்படும். பிராய் மரத்தை வங்காளிகள் 'ஷேவடா' என்பர். அதில் பேய் குடியிருக்கும் என்பது நாட்டுப்புற நம்பிக்கை. அந்நம்பிக்கையின் காரணமாகவே பல கிராமங்களில் இம்மரம் வெட்டப்படாமல் தப்பியது. தமிழ்நாட்டில் ஐயனார் கோயில்களைச் சூழ்ந்த காடுகள் தெய்வத்தின் பேரால் தப்பியதற்கு இது ஒப்பானது.

இதற்கும் கீழே புதர்களும் செடிகளும் அமைந்துள்ளன. வசந்த காலத்தில் வெண்மலர் பூக்கும் 'கெண்ட்டு' என்னும் புதர்ச்செடி வங்காளத் தோப்புகளின் தனி அடையாளமாகும். மருந்துக் கடைகளில் விற்கப்படும் திப்பிலியின் கொடியும் இந்நாட்டின் ஈர நிழலில் தானே படர்கிறது. தரையை மூடியுள்ளவை உதிர்ந்த இலைகளும், அவற்றை மக்கச் செய்யும் பூஞ்சைகளும், எண்ணற்ற சிற்றுயிர்களுமாகும்.

மரங்களின் மேலேயே வாழும் தாவரங்களும் உள்ளன. முதிர்ந்த மாமரத்தின் கரடுமுரடான பட்டை மழைநீரைச் சிறிது நேரம் தேக்கி வைப்பதால், பெரணிகளும் ஆர்க்கிடுகளும் அதில் எளிதில் பற்றுகின்றன. இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழைநீரையும், காற்றில் வரும் தூசியையும், கிளை இடுக்கில் மக்கும் இலைகளையும் கொண்டே உயிர் வாழ்கின்றன. கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்ற பெயரில் விற்கப்படும் கிழங்கைத் தரும் பெரணியினம் வங்காளத்தின் பழைய மரங்களிலும் வளர்வதாகும். இளமரத்தின் வழவழப்பான பட்டையில் இத்தாவரங்கள் நிலைப்பது அரிது. ஆகவே, நூறாண்டு மரம் ஒன்று விழுந்தால், அதனோடு அதன்மேல் வாழ்ந்த ஒரு சிறு தோட்டமே விழுகிறது. அதன் இடத்தில் கன்று ஒன்றை நட்டுவிடுவதால் மட்டும் அந்த இழப்பு உடனே ஈடாவதில்லை.

பறவைகளும் பிற பிராணிகளும்

புகலிடத்தின் பெயர் பறவைகளால் அமைந்தது. பல வகைப் பறவைகள் இங்கே அருகருகே வாழ்வதற்குக் காரணம் மேற்கூறிய அடுக்கமைப்பே. உச்சிக் கிளைகளில் குக்குறுவான்களும் கருந்தலை மாங்குயிலும் பழம் தேடுகின்றன. நடுமரங்களின் பட்டையைப் பொன்முதுகு மரங்கொத்தி கொத்திப் புழுக்களை எடுக்கிறது. புதர்களில் செம்போத்து ஊர்ந்து திரிகிறது. தரையில், உதிர்ந்த இலைகளைப் புரட்டிச் செந்தலைப் பூங்குருவி இரை தேடுகிறது. ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்தில் தனக்குரிய உணவை நாடுவதால் போட்டி குறைகிறது.

தமிழ்நாட்டின் மாநிலப் பறவையாகிய மரகதப்புறாவும் இவ்வனத்தில் வாழ்கிறது. நகரங்களில் மொய்க்கும் மாடப்புறாவைப் போன்றதன்று இது. திறந்த வெளிக்கு வர அஞ்சி, நிழல் படர்ந்த தரையில் நடந்து, விழுந்த விதைகளையும் பழங்களையும் பொறுக்கும். தரையின் இலைக்குப்பையைக் கூட்டி அள்ளிவிட்டால் இதற்கு உணவும் இல்லை, மறைவும் இல்லை. தூய்மை என்று மனிதர் கருதும் செயல் இப்பறவைக்குப் பஞ்சமாக முடியும்.

குக்குறுவானும் மரங்கொத்தியும் பட்ட கிளைகளைக் குடைந்து கூடு அமைக்கின்றன. அவை கைவிட்ட பொந்துகளிலே மைனாக்களும் கிளிகளும் புள்ளி ஆந்தைகளும் குடியேறுகின்றன. தாமே பொந்து குடைய இயலாத இப்பறவைகளுக்குப் பட்ட மரமே வீடு. தோட்டக்காரரின் கண்ணில் வெட்டத்தக்க விறகாகத் தோன்றும் ஒரு மரம், வனத்தின் கணக்கில் பல குடும்பங்கள் வாழும் வீடாக அமைகிறது.

குளிர்காலத்தில் இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் சமவெளிக்கு இறங்குகின்றன. வடக்கே கோடையில் குஞ்சு பொரிக்கும் இவை, குளிர்காலத்தைக் கழிக்க மரநிழலை நாடுகின்றன. இவற்றுக்குச் சிறு தோப்பும் விடுதியாகப் பயன்படுகிறது.

வண்ணத்துப்பூச்சிகளின் செய்தியும் குறிப்பிடத்தக்கது. வளர்ந்த வண்ணத்துப்பூச்சி பல மலர்களில் தேன் உண்ணும். ஆனால் அதன் புழுவோ சில குறிப்பிட்ட தாவரங்களின் இலைகளை மட்டுமே தின்னும். ஓர் இனத்தின் புழு மாவிலையைத் தின்கிறது. மற்றோர் இனத்தின் புழு எலுமிச்சைக் குடும்பச் செடிகளை நாடுகிறது. வேறோர் இனத்துக்குத் தென்னோலை வேண்டும். மனிதர் தம் உணவுக்காக நட்ட மரங்களே இவ்வாறு வேறு உயிர்களுக்கும் உணவாயின. பழத்தோப்பு ஒன்று வனமாக மாற முடிந்ததன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

நரி, கீரி, மரநாய், உடும்பு முதலியவை கீழ் வங்காளத்தின் தோப்புகளிலும் மூங்கிற் புதர்களிலும் வாழும் பிராணிகள். மேற்கு வங்காளத்தின் மாநில விலங்காகிய மீன்பிடிப் பூனை, குளக்கரைகளையும் நாணற் புதர்களையும் நாடுவது. இவற்றுள் எதற்கும் 17 ஏக்கர் நிலம் முழு வாழ்க்கைக்குப் போதாது. இரவில் வெளியே சென்று இரை தேடிப் பகலில் வந்து ஒதுங்கும் இடமாகவே இத்தகைய வனத்துண்டு இவற்றுக்கு உதவும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

விளிம்பின் கணக்கு

17 ஏக்கர் என்பது ஏறத்தாழ 7 ஹெக்டேர். இந்நிலம் சரியான சதுரமாக அமைந்திருப்பதாகக் கொண்டால், ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 265 மீட்டர். அதன் நடுவில் நிற்பவருக்கும் வெளி உலகுக்கும் இடையே உள்ள தூரம் 132 மீட்டருக்கு மேல் இராது.

காட்டின் விளிம்பும் உட்பகுதியும் ஒரே தன்மையுடையன அல்ல. விளிம்பில் வெயில் பக்கவாட்டில் நுழைகிறது. காற்று ஈரத்தை உலர்த்துகிறது. சாலையின் ஓசையும் விளக்கொளியும் புகுகின்றன. நாயும் பூனையும் எளிதில் வருகின்றன. வெயிலை விரும்பும் அயல்நாட்டுக் கொடிகள் முதலில் அங்கேதான் வேரூன்றுகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்து கீழை இந்தியாவின் ஈரக் காடுகளை மூடிவரும் மிக்கானியாக் கொடி இதற்கு எடுத்துக்காட்டு.

விளிம்பின் இத்தாக்குதல் 50 மீட்டர் தூரம் உட்செல்வதாகக் கொண்டால், 7 ஹெக்டேர் சதுரத்தில் தாக்குறாத உட்பகுதி 2.7 ஹெக்டேர் மட்டுமே. அதாவது 39 சதவிகிதம். தாக்குதல் 100 மீட்டர் உட்சென்றால், எஞ்சுவது 0.4 ஹெக்டேர், அதாவது 6 சதவிகிதம். நிலம் சதுரமாக இல்லாமல் நீண்டோ வளைந்தோ இருப்பின் நிலைமை இன்னும் மோசமாகும். வரைபடத்தில் 17 ஏக்கர் என்று காணப்படும் வனம், உள்ளே வாழும் மரகதப்புறாவுக்கு 17 ஏக்கர் அன்று.

காற்றின் வலிமையையும் இங்கே கருத வேண்டும். அடர்ந்த காட்டில் மரங்கள் ஒன்றையொன்று காக்கின்றன; விளிம்பில் உள்ளவை தனித்து நின்று புயலை எதிர்க்கின்றன. 2020-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் வீசிய அம்ஃபான் புயலில் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஹூக்ளி நதிக்கு அப்பால், ஹவுராவின் தாவரவியல் தோட்டத்தில் உள்ள புகழ் பெற்ற ஆலமரமும் சேதமுற்றது. அந்த ஆலமரத்தின் முந்தைய வரலாறும் படிப்பினை தருவதாகும். 1864-ஆம் ஆண்டிலும் 1867-ஆம் ஆண்டிலும் அடித்த புயல்களால் அது காயமுற்றது. காயத்தின் வழியே பூஞ்சை நோய் புகுந்தது. 1925-ஆம் ஆண்டில் அதன் நடு அடிமரத்தையே வெட்டி அகற்ற நேர்ந்தது. புயலின் விளைவு புயலோடு முடிவதில்லை. சில சமயம் அறுபது ஆண்டுகள் கழித்து வெளிப்படுகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

துண்டாக்கப்பட்ட காடுகளில் உயிரினங்கள் எவ்வாறு குறைகின்றன என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். 1967-ஆம் ஆண்டில் மக்கார்தர், வில்சன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கடல் தீவுகளை அடிப்படையாகக் கொண்டு ஒரு கொள்கையை வெளியிட்டனர். தீவு சிறிதாகவும் பெருநிலத்திலிருந்து தொலைவாகவும் இருப்பின், அதில் வாழும் இனங்களும் குறைவாக இருக்கும் என்பது அதன் சாரம். பரப்பு பத்தில் ஒரு பங்கானால் இனங்கள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இதிலிருந்து எழும் பொது விதி. வயல்களாலும் ஊர்களாலும் சூழப்பட்ட காட்டுத்துண்டும் ஒரு தீவே என்று கருதப்பட்டது.

பிரேசில் நாட்டில் மனாவுஸ் நகரின் அருகே 1979-ஆம் ஆண்டில் ஒரு பெரும் சோதனை தொடங்கப்பட்டது. மேய்ச்சலுக்காக அழிக்கப்பட்ட காட்டின் நடுவே 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள துண்டுகள் விட்டுவைக்கப்பட்டு, ஆண்டுதோறும் கணக்கெடுக்கப்பட்டன. சிறிய துண்டுகளில் பறவைகள் விரைவாகக் குறைந்தன. விளிம்பில் இருந்த பெருமரங்கள் அதிக எண்ணிக்கையில் மடிந்தன.

ஆப்பிரிக்காவில், கென்யாவின் டைட்டா மலைகளில் எஞ்சியுள்ள மழைக்காடு சில சிறு துண்டுகளே. அவற்றுள் ஒன்றாகிய ந்காங்காவோ வனம் சுமார் 120 ஹெக்டேர் பரப்புள்ளது. உலகில் வேறெங்கும் இல்லாத டைட்டாப் பூங்குருவி இத்துண்டுகளில் மட்டுமே வாழ்கிறது. நிழற்காட்டை விட்டு வெளியேற அஞ்சும் இப்பறவை, ஒரு துண்டிலிருந்து மற்றொரு துண்டுக்கு அரிதாகவே செல்கிறது. இடையில் உள்ள வயல்கள் அதற்குக் கடலாக அமைந்துவிட்டன.

நரேந்திரபூருக்கு இன்னும் நெருங்கிய ஒப்புமை ஜாவாத் தீவில் உள்ளது. அங்கே போகோர் நகரில் 1817-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாவரவியல் தோட்டம் 86 ஹெக்டேர் பரப்புள்ளது. அதுவும் மனிதர் நட்ட மரங்களால் ஆனதே. 1936-ஆம் ஆண்டளவில் சுற்றியிருந்த மரச்செறிவுகள் அழிந்து, தோட்டம் தனித்துவிடப்பட்டது. 1932-ஆம் ஆண்டு முதல் 1952-ஆம் ஆண்டு வரை அங்கே 62 இனப் பறவைகள் குஞ்சு பொரித்தன. 1980-85-ஆம் ஆண்டுகளில் மீண்டும் கணக்கெடுத்தபோது, அவற்றுள் 20 இனங்கள் மறைந்துவிட்டன. தோட்டத்தில் ஒரு மரமும் குறையவில்லை எனக் கொண்டாலும், இனங்களில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

எவை மறைந்தன, எவை நிலைத்தன என்பதே இவ்வாராய்ச்சியின் முக்கியமான செய்தி. தோட்டத்தில் தொடக்கத்திலேயே சிறு எண்ணிக்கையில் இருந்து, சுற்றுப்புறத்திலும் அரிதாகிவிட்ட பறவைகளே பெரும்பாலும் மறைந்தன. சுற்றியுள்ள ஊர்களின் தோட்டங்களிலும் வாழவல்ல பறவைகள் நிலைத்தன. சிறு வனத்தில் ஓர் இனத்தின் எண்ணிக்கை நான்கு அல்லது ஐந்து இணைகளே இருக்கக்கூடும். ஓராண்டின் நோயோ புயலோ அவற்றை அழித்துவிடலாம். வெளியிலிருந்து புதிய பறவைகள் வந்து சேருமாயின் அவ்விழப்பு ஈடாகும். வெளியிலும் அவ்வினம் இல்லையேல் ஈடாகாது. ஆகவே, சிறு வனம் தீவைப் போன்றது என்பதைவிட, தன்னைச் சூழ்ந்த நிலத்தின் நிலையைக் காட்டும் கண்ணாடியைப் போன்றது என்பதே பொருந்தும்.

சுற்றுப்புறமே உயிர்

போகோர் தோட்டத்தின் பரப்பு நரேந்திரபூர் வனத்தைப்போல் 12 மடங்கு. அங்கே நிகழ்ந்தது இங்கே இன்னும் விரைவில் நிகழக்கூடும். எனினும் நரேந்திரபூருக்கு ஓர் அனுகூலம் உண்டு. அதன் உயிரினங்களுட் பல தொடக்கத்திலிருந்தே கிராமத் தோப்புகளுக்குப் பழகியவை. வீட்டுப் பின்புறத்து மாமரம், குளக்கரை மூங்கில், சாலையோர ஆல் ஆகியவை இருக்கும் வரையில் அவை வனத்துக்கும் ஊருக்கும் இடையே போக்குவரத்துச் செய்துகொண்டிருக்கும்.

அந்த ஊர்தான் விரைவாக மாறி வருகிறது. கொல்கத்தாவின் தெற்கு விளிம்பில் குளங்கள் தூர்க்கப்படுவதும், பழைய தோட்டங்கள் மனைகளாகப் பிரிக்கப்படுவதும் நெடுநாளைய கவலையாகும். வேலிக்குள் இருக்கும் 17 ஏக்கரைச் சட்டம் காக்கிறது. வேலிக்கு வெளியே உள்ள ஒற்றை மாமரத்தையும் அரை ஏக்கர்க் குளத்தையும் காப்பார் இல்லையேல், உள்ளிருப்பவை படிப்படியாகக் குறைவதைச் சட்டத்தால் தடுக்க இயலாது.

தமிழ்நாட்டின் வால்பாறையில் இதற்கு இணையான நிலைமை உண்டு. அங்கே தேயிலைத் தோட்டங்களின் நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளுள் ஒன்றாகிய புதுத்தோட்டத்தில், 100 ஹெக்டேருக்கும் குறைந்த இடத்தில், நூற்றுக்கு மேற்பட்ட சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரத்தைவிட்டு இறங்காத இயல்புடைய இக்குரங்கு, சாலையைக் கடக்கத் தரையிறங்கி வாகனங்களில் அடிபட்டது. சாலையின் மேலே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டப்பட்டன. குரங்குகள் அவற்றைப் பயன்படுத்தக் கற்றன. வனத்தின் பரப்பை ஒரு சதுர அடிகூடப் பெருக்காமலே, அதன் தடைகளை நீக்கி உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்று.

செய்யத்தக்கவை

கொல்கத்தாவின் சிறு வனத்துக்கு வேண்டியவை பெரும் பொருட்செலவு உள்ளவை அல்ல. முதலாவதாக, உள்ளே இலைக்குப்பையையும் பட்ட மரங்களையும் அப்படியே விட்டுவைத்தல் வேண்டும். நடைபாதையின்மீது விழக்கூடிய கிளைகளை மட்டும் அகற்றினால் போதும்.

இரண்டாவதாக, நட்ட பழமரங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தவை. ஆகவே ஒரே காலத்தில் முதுமையும் எய்தும். மாவும் பலாவும் அடர்ந்த நிழலில் தாமாகவே எளிதில் வழிமுறை தோற்றுவிப்பதில்லை. ஆகவே அத்தி இனங்கள், ஏழிலைப்பாலை, பிராய் முதலிய நாட்டு மரங்களின் கன்றுகள் இப்போதே இடைவெளிகளில் வளர்ந்து வரவேண்டும். இவற்றுள் அத்தி இனங்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. அத்திப் பூக்கள் காய்க்கு உள்ளே மறைந்திருப்பதால், ஒவ்வோர் இனத்துக்கும் உரிய நுண்ணிய குளவியே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது. அக்குளவியின் தலைமுறை தொடர வேண்டுமானால், சுற்றுவட்டாரத்தில் ஏதேனும் ஒரு மரமாவது எப்போதும் காய்த்துக்கொண்டிருத்தல் அவசியம். ஆகவே அத்தி மரங்கள் வெவ்வேறு காலங்களில் காய்க்கின்றன. வேறு பழம் கிடைக்காத மாதங்களில் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் அவையே உணவளிக்கின்றன. வேலிக்கு வெளியே நிற்கும் ஒரு தனி ஆலமரமும் இக்காரணத்தால் வனத்தின் ஓர் உறுப்பேயாகும்.

மூன்றாவதாக, விளிம்பில் புதர்வேலி செறிந்து வளர வேண்டும். அது வெயிலையும் காற்றையும் ஓசையையும் தடுத்து, உட்பகுதியின் பரப்பைப் பெருக்கும். அயல்நாட்டுக் கொடிகளை ஆண்டுதோறும் வேரோடு அகற்ற வேண்டும். நான்காவதாக, சுற்றுவட்டாரத்தின் குளங்களையும் பழைய மரங்களையும் கணக்கெடுத்துப் பதிவு செய்வது பயன் தரும். 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சேர்க்கப்பட்ட கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள், 12,500 ஹெக்டேர் பரப்பில் நகரின் கிழக்கே பரந்துள்ளன. குளங்களும் மரங்களும் இடையிடையே நிற்குமாயின், இப்பெரும் பரப்புக்கும் தெற்கேயுள்ள தோப்புகளுக்கும் இடையே பறவைகளுக்கு வழி அடையாது இருக்கும்.

கடைசியாக, கணக்கெடுப்பு ஒழுங்காகத் தொடர்ந்து நடைபெற வேண்டும். போகோரில் 20 இனங்கள் மறைந்ததை உலகம் அறிந்தது, முன்பு ஒருவர் பொறுமையாகப் பட்டியல் எழுதி வைத்திருந்ததனால்தான். 1890-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்தியத் தாவர ஆய்வுத் துறையும், 1916-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையும் கொல்கத்தாவையே தலைமையிடமாகக் கொண்டவை. நகரில் பறவை நோக்குவோரும் பலர் உள்ளனர். இன்று எழுதப்படும் பட்டியல், முப்பது ஆண்டுகளுக்குப் பின் எது குறைந்தது, எப்போது குறைந்தது, ஏன் குறைந்தது என்று கூறும் அளவுகோலாகும்.

நரேந்திரபூரின் வனத்தை ஓர் அரசாணை காத்தது. ஆனால் அதில் வாழும் மரகதப்புறா அடுத்த தலைமுறையிலும் அங்கே இருக்குமா என்பதை, அதன் எல்லைக்கு வெளியே உள்ள வீடுகளின் கொல்லைப்புறங்களே முடிவு செய்யும்.